ஈரச் சாக்கு

கிறிஸ்துமஸ் மரக்கன்றுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. செத்த பிறகும் பல நாள் பச்சையாகவே நிற்கும். அந்தப் பச்சையைப் பார்த்துப் பார்த்தே மைனோல்ஃப் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு அலைந்தான்.

போன கோடை வறட்சியில் இரண்டு வயல் போயிருந்தது. "இந்த நடவும் போச்சுன்னா நிலத்தைக் குத்தகைக்கு விட்டுட்டு டவுனுக்குப் போயிடணும். அப்புறம் பேச்சு மாறக் கூடாது" என்று அவன் மனைவி வால்புர்கா கறாராகச் சொல்லியிருந்தாள். அவனும் தலையாட்டியிருந்தான். பிறந்து வளர்ந்த சாவர்லாந்து மலையை விட்டால் அவனுக்குப் போக்கிடமே கிடையாது.

ஏப்ரலில் நட்டார்கள். அவன் டிராக்டர் ஓட்ட, பின்னால் நடவு வண்டியில் உட்கார்ந்து அவள் கன்றுகளைச் சாலில் வைத்துக்கொண்டே வந்தாள். அவள் காபி எடுத்துவர வீட்டுக்குப் போன நேரம் பார்த்து, வண்டியின் மண் கீறும் கொழுவில் ஒரு கல் சிக்கிக்கொண்டது. வண்டிக்கு அடியில் படுக்க வேண்டும்; தரையெல்லாம் கூர்கல். கைக்கு அகப்பட்ட சாக்கை உருவி முதுகுக்குக் கீழே போட்டுக்கொண்டான். கல்லோடு மல்லுக்கட்டி எழுந்தபோதுதான் உறைத்தது. அது வேர் காயாமல் இருக்கக் கன்றுப் பெட்டியை மூடியிருந்த ஈரச் சாக்கு. பாழாய்ப்போன கிழக்குக் காற்று வேர்களின் ஈரத்தை உறிஞ்சி வெளிற வைத்திருந்தது. அந்த வருடம் மாற்றுக் கன்று எந்த நாற்றங்காலிலும் கிடைக்காது. அவசர அவசரமாக வாளித் தண்ணீரில் முக்கினான். வேர் பழையபடி பளபளத்தது.

அதற்குள் வால்புர்கா வந்துவிட்டாள். கீழே கிடந்த சாக்கைப் பார்த்தாள். முகம் மாறியது. சட்டென்று எடுத்துப் பெட்டியை மூடினாள்.

கண்டுபிடித்துவிட்டாள் என்றுதான் நினைத்தான். அன்றிலிருந்து அவளுக்குத் தூக்கமில்லை. பக்கத்தில் கண்ணை மூடிப் படுத்தபடி, எப்போது வெடிப்பாளோ என்று அவன் காத்துக் கிடந்தான்.

மே கடைசியில் வயலெங்கும் மொட்டு வெடித்து இளம்பச்சைக் குஞ்சம் வந்தது. அந்தப் பெட்டிக் கன்றுகள் நின்ற சால்களில் மட்டும் மொட்டு பழுப்பாக மூடியே கிடந்தது. ஒருநாள் காலை அவன் போனபோது வால்புர்கா அங்கே மண்டியிட்டு அழுதுகொண்டிருந்தாள்.

"நான்தான் காரணம், மைனோல்ஃப். காபிக்குப் போறப்போ பெட்டியை மூடாமப் போயிட்டேன். உங்கிட்ட சொல்லத் தைரியம் வரல."

அவள் மூடிக் கிடந்த ஒரு மொட்டை விரலால் தடவினாள்.

"இனிமே குத்தகைப் பேச்சை எடுக்க மாட்டேன். தப்பு என்னுது. உன் நிலம் உங்கிட்டயே இருக்கட்டும்."

நெஞ்சு சட்டென்று லேசானது. நிலம் மிஞ்சிவிட்டது, வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். அந்த நிம்மதி வந்ததுதான் அவனுக்கு அருவருப்பாக இருந்தது.

"நீ மூடிட்டுதான் போன. நான்தான் சாக்கை உருவினேன். முதுகுல கல்லு குத்தும்னு."

வால்புர்கா அழுகையை நிறுத்தினாள். முழங்கால் மண்ணைத் தட்டாமலே எழுந்தாள்.

"நான் தூங்காமப் புரண்டதையெல்லாம் பாத்துட்டுதானே படுத்திருந்த?"

பதிலுக்கு நிற்காமல் அவள் வீட்டை நோக்கி நடந்தாள்.