ஏலக்காரர் வீட்டில் யாரும் நிமிரவில்லை

1

இந்தக் கதை திருட்டுச் சரக்கு. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு வந்து பில் கேட்காதீர்கள்.

போன மாதம் ஒரு விருந்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சொந்தக்காரரிடம், "நேத்து நான் செத்துப்போயிட்டேன்" என்றேன். சும்மா ஆழம் பார்க்கத்தான். அவர் போனிலிருந்து கண்ணை எடுக்காமல், "அருமை. எனக்கும் அனுப்பிவிடுங்க" என்றார்.

இப்படி ஒரு வரி ஓசியில் கிடைத்தால் விடலாமா? உடனே என் போனை எடுத்துக் குறித்துக்கொண்டேன். குறித்து முடித்து நிமிர்ந்தால், எதிரே அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஏதோ பெரிய விஷயத்தைச் சொல்லி முடித்திருக்கிறாள். நானும் இடையிடையே "ம்ம்" கொட்டியிருக்கிறேன் போலிருக்கிறது. அவள் சொன்னது என்னவென்று இன்றுவரை தெரியாது. எந்த முகத்தை வைத்துக்கொண்டு கேட்பது?

ஆகவே வேறு ஒருவர் வீட்டைப் பற்றி எழுதுகிறேன். அதுதான் சௌகரியம்.

2

நான் வளர்ந்த வீட்டில் முதல் விலைக்கு யாரும் சரக்கு வாங்கியதில்லை. நீங்களும் முதல் வரியை வாங்கவேண்டாம்.

"மனித உறவுகள் அருகிவரும் இந்தக் கைபேசி யுகத்தில்—" (மேடைப் பேச்சாளர் யாராவது அள்ளிக்கொண்டு போகட்டும்.)

"மழை தூறிக்கொண்டிருந்தது. ஜன்னலோரம் அவர்—" (மழைக்கும் இந்தக் கதைக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை.)

"ஏலக்காரர் தம் அறுபத்திரண்டாவது பிறந்தநாள் அன்று, மத்தியானச் சாப்பாட்டில், தாம் மறுபடி கல்யாணம் செய்துகொள்ளப்போவதைப் பிள்ளைகளிடம் சொல்லிவிடுவது என்று முடிவுசெய்தார்."

இது தேறும். கட்டுங்கள்.

3

ஏலக்காரர் முப்பத்தைந்து வருஷமாகப் பழைய மரச்சாமான்களை ஏலம் விடுகிறவர். கூட்டத்தில் ஒரு புருவம் ஏறினால் போதும், விலை கேட்டாயிற்று, கேள்வி விழுந்துவிட்டது என்று எடுத்துக்கொள்வார். மூக்கைச் சொறிந்த ஒரு மனுஷர் தலையில் மூன்று கதவு அலமாரியைக் கட்டியவர். "ஏலக்கூடத்துல கையைக் காலை ஆட்டினா அது வாக்கு" என்பார். மூன்று தரம் கேட்டும் யாரும் வாயைத் திறக்காவிட்டால் எல்லோருக்கும் சம்மதம். இது கூடத்துச் சட்டம். வீட்டிலும் இதையே நடத்திவந்தார் என்பதுதான் வம்பு.

மனைவி போய்ச் சேர்ந்து ஒன்பது வருஷம். பழைய திரைச்சீலைகளை ஏலத்தில் எடுத்துப் பிரித்துத் தைக்கிற தையல்காரம்மா ஒருத்தி கூடத்துக்கு வருவாள். (அவளுக்குப் பெரிய கண்கள் என்று எழுதினேன். அடித்துவிட்டேன். சாதாரணக் கண்தான், ஆனால் வேலை செய்கிற கண்.) மற்றவர்கள் சரக்கைப் பார்ப்பார்கள். இவள் சுத்தியல் எப்போது இறங்கும் என்று கணிக்க அவர் முகத்தைப் பார்ப்பாள். சுத்தமான வியாபாரப் பார்வை. இருந்தாலும் வீட்டில் அவர் முகத்தை அப்படி யாரும் பார்த்து வெகுநாளாகிவிட்டதால், மனுஷர் விழுந்துவிட்டார்.

(அறுபத்திரண்டு வயதில் காதலா, நம்பும்படி இல்லையே என்று எனக்கே ஒரு சந்தேகம். பத்து வரி தள்ளிக் கேளுங்கள்.)

அன்று காலை அவள் சொன்னாள்:

"உங்க பிள்ளைங்களுக்குத் தெரியாம நான் அந்த வாசப்படி மிதிக்கமாட்டேன்."

"இன்னிக்குச் சொல்லிடறேன்."

"எட்டு மாசமா சொல்லிடறீங்க."

"இன்னிக்குக் கண்டிப்பா."

"சரி. உங்க வீட்டுக்கு எதிர் பேக்கரியில உட்கார்ந்திருக்கேன். மூணு தடவை கூப்பிடுவேன். மூணாவதுக்கும் எடுக்கலைன்னா பஸ் ஏறிடுவேன். அப்புறம் இந்தப் பேச்சு வேண்டாம்."

கொல்லன் தெருவிலேயே ஊசி விற்கிறவள். நம்பலாம்.

4

மேசை. கேக். மகள், மருமகன், சின்ன மகன். மூவர் கையிலும் போன்.

(இந்த இடத்தில் ஒரு குழந்தை ஓடிவந்து "தாத்தா பேசறதை யாருமே கேக்கலையே" என்று சொல்லி எல்லோரையும் வெட்கப்படவைக்க வேண்டும். பேத்தி ஒருத்தி இருக்கத்தான் செய்கிறாள். சோபாவில் படுத்திருக்கிறாள். வீட்டிலேயே பெரிய திரை அவளிடம்தான் இருக்கிறது.)

அவர்களைக் குறைசொல்லவும் முடியாது. மூவருமே அப்பாவின் பிறந்தநாளில்தான் மும்முரமாக இருந்தார்கள். மகள் அவர் கேக் வெட்டிய படத்தில் முகச் சுருக்கங்களை அழித்துக்கொண்டிருந்தாள். மகன் "உலகத்திலேயே சிறந்த அப்பா" என்று குடும்பக் குழுவில் போட்டான். மருமகன் அதற்குக் கைதட்டினார். ஒவ்வொரு வாழ்த்தும் மேசையின் அந்தப் பக்கத்திலிருந்து கிளம்பி, ஆகாயம் வரை போய், இந்தப் பக்கம் அவர் சட்டைப்பையில் வந்து துடித்தது. கைநீட்டினால் தொடுகிற தூரம்.

அவர் எடுக்கவில்லை. அந்த மேசையில் ஒருத்தர் போனை எடுத்தால் எல்லோரும் எடுப்பார்கள், கொட்டாவி மாதிரி. இன்றைக்குச் சொல்லி முடிக்கிற வரை தாம் அதைத் தொடுவதில்லை என்று சபதம்.

5

"ஒரு விஷயம் சொல்லணும்" என்றார்.

"சொல்லுங்கப்பா, கேட்டுட்டுத்தான் இருக்கேன்." மகள். கண் படத்தில்.

"நான் கல்யாணம் பண்ணிக்கலாம்னு இருக்கேன்."

"ம்ம்" என்றான் மகன்.

"நல்லதுதான் மாமா. உடம்புக்கு நல்லது" என்றார் மருமகன். எதை நினைத்துக்கொண்டாரோ.

ஏலக்காரருக்கு முதலில் உள்ளே ஏதோ அறுந்தது. பிறகு தொழில் கண் திறந்துகொண்டது. மகளின் கட்டைவிரல் மேலே போகிறது. மகன் தலையாட்டுகிறான். மருமகனின் புருவம் ஏறி இறங்குகிறது. கூடமாக இருந்தால் இந்நேரம் மூன்று கேள்விகள்.

"எங்கிட்ட திரைச்சீலை எடுக்கற தையல்காரம்மாவை. ஒரு தரம்."

கட்டைவிரல் மேலே.

"ரெண்டு தரம்."

சட்டைப்பை துடித்தது. இன்னொரு வாழ்த்து என்று விட்டுவிட்டார். (*)

"மூணு தரம்."

கரண்டியால் மேசையில் ஓங்கித் தட்டினார். டொக்.

மூன்று தலைகளும் நிமிர்ந்தன.

மகளுக்கு முகம் வெளுத்திருந்தது. "என்னப்பா வித்தீங்க?"

(* வாழ்த்து ஒரு துடிப்போடு அடங்கும். இது விடாமல் துடித்தது. எனக்குத் தெரியும், இப்போது உங்களுக்கும் தெரியும். அவரிடம் யார் போய்ச் சொல்வது?)

6

அவள் ஏன் வெளுத்தாள் என்று சொல்லியாக வேண்டும். ஒன்பது வயதில் அவளுக்கு ஒரு சிவப்புச் சைக்கிள் இருந்தது. படக்கதை படித்துக்கொண்டிருந்தவளிடம், "இதைக் கூடத்துக்குக் கொண்டுபோகட்டுமா?" என்று மூன்று தரம் கேட்டு, மேசையில் தட்டிவிட்டு, உருட்டிக்கொண்டு போய்விட்டார். அழுதவளிடம், "கேட்டேனே, நீதான் பேசலை" என்றார். அன்றிலிருந்து அந்தச் சத்தம் கேட்டால் அந்த வீட்டில் ஏதோ ஒன்று போய்விட்டது என்று அர்த்தம்.

இப்போது முடிவு. மூன்று இருக்கிறது, பார்த்து எடுங்கள்.

முதலாவது: "சும்மா தட்டினேன்மா" என்கிறார். தலைகள் கவிழ்கின்றன. பேக்கரிக்காரர் அவள் எழுந்து போன மேசையைத் துடைக்கிறார். (மலிவு. ஊரில் பாதிப் பேர் வீட்டில் இதுதான் ஓடுகிறது.)

இரண்டாவது: விஷயத்தைக் குடும்பக் குழுவில் எழுதிப்போடுகிறார். அடுத்த நொடியே மூன்று கட்டைவிரல், ஓர் இதயம். ஐந்து நிமிஷம் கழித்து மருமகனிடமிருந்து: "யாருக்கு மாமா கல்யாணம்?" (எனக்குப் பிடித்தது. ஆனால் சிரித்துவிட்டு மறந்துவிடுவீர்கள்.)

மூன்றாவது: நால்வரும் போன்களை அணைத்துவிட்டுக் கட்டிக்கொண்டு அழுகிறார்—

(வேண்டாம். என்னால் முகத்தை நேராக வைத்துக்கொண்டு விற்கமுடியாது.)

7

நடந்தது இது.

சட்டைப்பை மறுபடி துடித்தது, நீளமாக. அவர் காதில் ஏறவில்லை. அந்தச் சைக்கிள்காரி முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கூடத்துச் சட்டப்படி கல்யாணத்துக்குச் சம்மதம் கிடைத்தாயிற்று. "கேட்டேனே, நீதான் பேசலை" என்று எழுந்து போய்விடலாம். வாய்வரை வந்தது.

"என்னைத்தான்மா" என்றார்.

மகன் போனைக் கவிழ்த்து வைத்தான். மருமகன் மெல்லுவதை நிறுத்தினார்.

"விளையாடாதீங்கப்பா. யாருக்கு?" என்றாள் மகள்.

"மூணு தரம் சொன்னேன்."

"எனக்குக் கேக்கலை. இப்பச் சொல்லுங்க." அவள் தன் போனைத் தள்ளி வைத்தாள். "இந்த வீட்டுல நீங்க தட்டினப்புறம்தான் எனக்கு எல்லாமே தெரியவருது."

அவர் தையல்காரம்மாவின் பெயரைச் சொல்ல வாயெடுத்தார். சட்டைப்பை துடித்தது. விடாமல். இந்தத் தடவை நெஞ்சிலேயே உதைப்பதுபோல. எல்லோருக்கும் கேட்டது. மருமகனின் கை பழக்கதோஷத்தில் தன் போனை நோக்கி நகர ஆரம்பித்தது.

"எடுக்காதீங்கப்பா" என்றாள் மகள். "ஒரு தடவையாவது, எங்க முகத்தைப் பார்த்துச் சொல்லிட்டு எடுங்க."

வாழ்நாள் முழுக்க மூன்று வரை மட்டுமே எண்ணிச் சம்பாதித்த மனுஷருக்கு, இது எத்தனையாவது என்று தெரியவில்லை.

நான் சொல்லிவிடலாம்தான். ஆனால் இந்த வரியை எழுதும்போது என் மேசையிலும் போன் துடிக்கிறது. அக்கா. அன்றைக்கு என்ன சொன்னாள் என்று கேட்பதற்கு இன்னொரு வாய்ப்பு வருமோ வராதோ. சுத்தியலை உங்கள் கையில் கொடுத்துவிட்டுப் போகிறேன்.

அவர் சட்டைப்பை இன்னும் துடித்துக்கொண்டிருக்கிறது. நீங்களாவது எண்ணிக்கொண்டு வந்தீர்கள்தானே?