அரை நோன்புக்கு ஒட்டகம் வராது

அந்த ஒட்டகத்தைப் பார்த்த முதல் நாளே எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. பிரிட்ஜ் வந்த கார்ட்போர்ட் பெட்டியை வெட்டி, ஆள் உள்ளே நிற்கிற மாதிரி உடம்பும் தலையும் செய்து, அதில் மண்ணிறத் துணியை ஒட்டி, தேங்காய்த் தும்பில் வால் வைத்திருந்தாள் என் கடைசித் தங்கச்சி பஸ்மிலா. உதட்டுக்குச் சிவப்புச் சாயம் வேறு. அதை என் வீட்டுக் கூடத்தில் நிறுத்திவிட்டு, பெரிய காரியம் செய்தவளாக இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றாள்.

"எப்பிடி ராத்தா?"

"சீ! என்னடி இது?"

"றய்யான் ஒட்டகம். நோன்பு புடிக்கிற புள்ளையளுக்கு அரபு நாட்டுல இருந்து பரிசு கொண்டு வாற ஒட்டகம்."

றய்யான் என்பது நோன்பாளிகள் நுழைகிற சுவர்க்க வாசலின் பெயர். அதைக் கொண்டுபோய் கார்ட்போர்ட் பெட்டிக்கு வைத்திருக்கிறாள் இந்த அறிவுகெட்டவள்.

பஸ்மிலா எங்கள் ஊர் நிந்தவூரில் தன் வீட்டு முன்னறையில் சின்னப் பிள்ளைகளுக்கு ஓதல் வகுப்பு நடத்துகிறாள். முப்பது பிள்ளைகள். பாடசாலைகளுக்கு நோன்பு விடுமுறை விட்டாலும் அவளுடைய வகுப்புக்கு விடுமுறை கிடையாது. எந்த நாட்டிலோ எவளோ பிள்ளைகளுக்கு ஒட்டகம் காட்டுவதை யூடியூபில் பார்த்துவிட்டு, ஒரு கிழமையாகக் கத்திரிக்கோலும் பசையுமாகத் திரிந்திருக்கிறாள்.

"பரிசு கொண்டு வாற நத்தார் தாத்தாவ டிவியில பார்த்துட்டு எங்கட புள்ளையள் ஏங்குதுகள் ராத்தா. எங்களுக்கும் ஒண்டு வேணாமா?"

"எங்களுக்கு அல்லாஹ் இரிக்கான். போதாதா?"

"அவன் கண்ணுக்குத் தெரியமாட்டானே. இது தெரியும்."

"அஸ்தஃபிருல்லாஹ்! வாயக் கழுவிட்டு வாடி!" என்று கத்தினேன். அவள் சிரித்தாள். எங்கள் வீட்டில் கடைசியாகப் பிறந்ததுகளை யாரும் அடித்து வளர்ப்பதில்லை, அதுதான் பிழை.

இந்தக் கூத்தெல்லாம் அவள் வகுப்போடு நின்றிருந்தால் நான் இரண்டு நாள் ஏசிவிட்டு விட்டிருப்பேன். ஆனால் அந்த வகுப்பில் எங்கள் ஆதிலாவும் இருந்தாள்.

ஆதிலா என் நடுத் தங்கச்சி லைலாவின் மகள். வயது ஆறு. தகப்பன் அவள் பிறந்த ஆண்டே தலாக் சொல்லிவிட்டுப் போய்விட்டான். பிள்ளைக்கு இரண்டு வயதாகும்போது லைலா அவளை என்னிடம் தந்துவிட்டு வீட்டு வேலைக்குக் குவைத் போனாள். இரண்டு வருட ஒப்பந்தம் முடிந்து நாட்டுக்கு வந்தாள், ஆனால் வீட்டுக்கு வரவில்லை. குவைத்தில் பழக்கமான டிரைவர் ஒருவனைக் கலியாணம் முடித்துக்கொண்டு நாட்டின் மேற்குக் கரையில், புத்தளத்தில் இருக்கிறாள். ஆறு மாத ஆண் பிள்ளை ஒன்றும் இருக்கிறது. அந்த மனிதனுக்கு முதல் பிள்ளை ஒன்று இருப்பது தெரியாதாம். "தெரிஞ்சா உட்டுட்டுப் போயிருவார் ராத்தா" என்று போனில் அழுதாள். இதெல்லாம் எனக்கும் பஸ்மிலாவுக்கும் மட்டும் தெரியும். ஆதிலாவைப் பொறுத்தவரை உம்மா இன்னும் குவைத்தில்தான் இருக்கிறாள்.

ஒட்டகம் வகுப்புக்குப் போன அன்று பின்னேரம் பஸ்மிலா என்னிடம் வந்தாள். சிரிப்பைக் காணவில்லை.

"ராத்தா, எல்லாப் புள்ளையும் ஒட்டகத்திட காதுக்குள்ள ஒவ்வொண்டு கேட்டுதுகள். சைக்கிள், பொம்மை, சொக்கலட். நான்தான் உள்ளுக்குள்ள நிண்ட. ஆதிலா வந்து…"

"சொல்லித் துலை."

"உம்மாவக் கேட்டுட்டா. ஒட்டகம் உம்மா இரிக்கிற பக்கத்தால தானே வருதாம். வாறப்ப முதுகுல ஏத்திட்டு வரட்டாம்."

"நீ என்ன சொன்ன?"

"இன்ஷா அல்லாஹ் எண்டன்."

"ஒட்டகம் இன்ஷா அல்லாஹ் எண்டு சொன்னதா?"

"வேற என்னத்தச் சொல்ற? முப்பது நோன்பும் புடிச்சாப் பெருநாளைக்குக் கொண்டு வாறன் எண்டன். ஆறு வயசுப் புள்ள எங்க முப்பதும் புடிக்கப்போற ராத்தா? ரெண்டு நாளையில மறந்துருவா."

நான் என்னென்ன ஏசினேன் என்று எழுத முடியாது. பொய்க்காரி, பிள்ளையின் வயிற்றில் அடிக்கிறவள், நாளைக்கு அல்லாஹ்விடம் என்ன பதில் சொல்வாய் என்று தொண்டை கட்டும்வரை கத்தினேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றவள், கடைசியில் என் தையல் மெஷினுக்குக் கீழே இருந்த பிஸ்கட் டின்னை எடுத்துத் திறந்து என் மடியில் கவிழ்த்தாள்.

அரபு எழுத்துப் போட்ட துணி லேபல்கள் கொட்டின. கல்முனைப் பசாரில் அபாயா அங்கிகளில் வைப்பதற்காகக் கட்டுக் கட்டாக விற்பார்கள். நான் அபாயா தைக்கிறவள். ஒவ்வொரு பெருநாளைக்கும் ஆதிலா வீட்டில் இல்லாத நேரத்தில் அவளுக்கு ஒரு கவுன் தைப்பேன். கழுத்துப் பட்டியில் அரபு லேபலை வைத்து, பொலித்தீன் பையில் போட்டு, சென்ட் அடித்து, "உம்மா குவைத்தால அனுப்பின" என்று கொடுப்பேன். பிள்ளை அதை மூக்கில் வைத்து மோந்துகொண்டே தூங்கும்.

"என்ட ஒட்டகம் பொய். இது என்ன ராத்தா? உம்மா அனுப்பின ஹதியாவா?"

லேபல்களைப் பொறுக்கி டின்னில் போட்டேன். அவள் மேல் இருந்த அருவருப்பில் பாதி என் பக்கம் திரும்பிவிட்டது. அதற்காகவும் அவளைத்தான் ஏசினேன்.

நோன்பு தொடங்கியது. எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு அரை நோன்பு என்று ஒன்று உண்டு. விடியுமுன் ஸஹருக்குச் சாப்பிட்டுவிட்டு, நடுப்பகல் லுஹர் பாங்கு சொன்னதும் நோன்பைத் திறந்துவிடுவார்கள். இன்றைய அரையும் நாளைய அரையும் சேர்ந்தால் ஒரு முழு நோன்பு என்று சொல்லி வைப்போம். பிள்ளைகள் அதை நம்பி விரல் விட்டு எண்ணும். நானும் எண்ணியவள்தான். முதல் நாள் லுஹருக்குச் சோறு போட்டு ஆதிலாவைக் கூப்பிட்டேன்.

"நான் முழு நோன்பு பெரியம்மா."

"உனக்கு அரை போதும் மகள். ரெண்டு அரையும் ஒண்டுதானே."

"இல்ல. அரை நோன்பு புடிச்சா ஒட்டகம் உம்மாவ அரைவாசி வழியில இறக்கி உட்டுட்டுப் போயிரும். அங்க கடல்."

கடல் நடுவில் உம்மா தனியாக நிற்பதை அவள் கண்ணால் பார்த்துவிட்டாள். நான் எவ்வளவு கெஞ்சியும் வாயைத் திறக்கவில்லை. எச்சில் விழுங்கினால் நோன்பு முறிந்துவிடும் என்று வகுப்பில் எவளோ சொல்லியிருக்கிறாள். அதனால் நாள் முழுக்கத் துப்பினாள். படியில், கிணற்றடியில், ஜன்னலுக்கு வெளியே. வீடெல்லாம் துப்பல். ஒரு டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அதற்குள் துப்பித் துப்பி நடந்தாள். மாசிக் கடைசி வெயில், காற்றும் இல்லை. பிள்ளையின் உதடு வெடித்து, கண் உள்ளே போய்விட்டது.

பஸ்மிலாவோ தன் ஒட்டகத்தை யாரையோ கொண்டு வீடியோ எடுப்பித்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டிருந்தாள். ஆதிலா ஒட்டகத்தின் காதுக்குள் ரகசியம் சொல்லும் இடத்துக்குப் பின்னால் அரபு இசை. தாய்மார் எல்லாரும் மாஷா அல்லாஹ், மாஷா அல்லாஹ் என்று அனுப்பியிருந்தார்கள். பிள்ளை என்ன கேட்டாள் என்று பஸ்மிலா போனில் சொல்லியும், லைலா இதயம் அனுப்பியிருந்தாள், மூன்று இதயம். தூ! பெற்ற பிள்ளை தன்னைக் கேட்பதைப் பார்த்து இதயம் அனுப்புகிறவளும் ஒரு தாயா? புத்தளத்தில் பஸ் ஏறினால் அடுத்த நாள் விடிய இங்கே இறங்கலாம்.

உண்மையைச் சொல்லிவிடுவோம் என்று தினமும் நினைத்தேன். ஸஹர் சோறு பிசையும்போது நினைப்பேன், தலை வாரும்போது நினைப்பேன். ஒட்டகத்தைப் பொய் என்று சொன்னால் அடுத்த கேள்வி உம்மாதான். அதற்குப் பயந்து வாயை மூடிக்கொண்டேன். பெருநாள் ஒவ்வொரு நாளாகக் கிட்டே வந்தது.

பதின்மூன்றாம் நோன்பு. பின்னேர அஸர் தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளுச் செய்யப் போன ஆதிலா குழாயடியில் விழுந்து கிடந்தாள். தண்ணீர் திறந்தபடி ஓடிக்கொண்டிருந்தது. வாயில் நுரை, மேலெல்லாம் நெருப்பு. பக்கத்து வீட்டு றிபாஸின் ஆட்டோவில் அள்ளிப்போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். வழியிலேயே கண் விழித்துவிட்டாள். பஸ்மிலா பின்னால் இன்னோர் ஆட்டோவில் அழுதுகொண்டே வந்து சேர்ந்தாள்.

உடம்பில் தண்ணீர் வற்றிவிட்டது, உடனே சேலைன் ஏற்ற வேண்டும் என்றார் டொக்டர். தாதி வந்தாள், சொறிக்கல்முனை ஊர்ப் பிள்ளை, நல்ல பொறுமைசாலி. ஊசியோடு கையைத் தொட்டதுதான் தாமதம், ஆதிலா இரண்டு கையையும் வயிற்றுக்குக் கீழே வைத்துக்கொண்டு குப்புறப் புரண்டுவிட்டாள்.

"வேணாம் மிஸ்ஸி! நோன்பு முறிஞ்சிரும்! உம்மா கடலுக்குள்ள நிண்டுருவா!"

"என்னக்கா சொல்லுறா பிள்ளை?" என்று தாதி என்னைப் பார்த்தாள். பக்கத்துக் கட்டில்காரர்களும் பார்த்தார்கள். நான் பிடித்தேன், பஸ்மிலா பிடித்தாள். எலும்பும் தோலுமாக இருந்த பிள்ளைக்கு எங்கிருந்து அந்தப் பலம் வந்ததோ, எங்களை உதறித் தள்ளினாள்.

"இப்பிடி இழுபட்டா ஊசி பிழையாப் போகும்," என்றாள் தாதி. "நீங்க கதைச்சுப் பாருங்க. கனநேரம் விடேலாது."

போதும் என்றாகிவிட்டது எனக்கு. கட்டிலில் உட்கார்ந்து பிள்ளையின் முதுகைத் தடவினேன்.

"ஆதிலா, கேளு மகள். ஒட்டகம் ஒண்டும் இல்ல. பிரிட்ஜ் பெட்டி. உள்ளுக்குள்ள நிண்ட இந்தா நிக்கிற உன்ட சாச்சி. நீ சாச்சிட காதுக்குள்ளதான் சொன்ன."

பிள்ளை மெல்லத் திரும்பி பஸ்மிலாவைப் பார்த்தாள். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"அப்ப, உம்மா அனுப்பின கவுன்?"

"நான் தச்ச. எல்லாமே நான் தச்ச."

"அப்ப உம்மா?"

இதற்குத்தான் இவ்வளவு நாளும் பயந்தேன். பெற்றவள் சொல்ல வேண்டியதை நான் ஏன் சொல்ல வேண்டும் என்று ஆத்திரம் வந்தது. போனை எடுத்து லைலாவுக்கு அடித்தேன்.

"லைலா, உன்ட புள்ள ஆஸ்பத்திரியில கிடக்குது. நீ ஒட்டகத்துல வருவ எண்டு பதிமூணு நோன்பு புடிச்சி உழுந்து கிடக்குது. ஒரு சொல்லு உண்மை சொல்லு அவளுக்கு. எங்க இரிக்கிற, வருவியா, வரமாட்டியா? சொல்லு."

அந்தப் பக்கம் ஒரு விம்மல். "குடுங்க ராத்தா" என்றாள். ஸ்பீக்கரைப் போட்டு ஆதிலாவின் முகத்துக்குக் கிட்டே பிடித்தேன்.

"மகள், என்ட தங்கம், உம்மாதான் கதைக்கிறன். நீங்க அழக் கூடாது, மருந்து எடுக்கணும். றய்யான் ஒட்டகம் இஞ்ச குவைத்துக்கு வந்துட்டு மகள். இந்தா வாசலுல நிக்குது. பெருநாளைக்கு அதுல ஏறி வாறன், என்ன?"

பின்னால் ஒரு கைக்குழந்தை சிணுங்கியது. லைலா அவசரமாக "உஷ்" என்றாள்.

போனைப் பிடுங்கிச் சுவரில் அடிக்கலாம் போலிருந்தது. பஸ்மிலா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் செய்த பொய்யை இன்னொருத்தியின் வாயால் கேட்கும்போது அவளுக்கே சகிக்கவில்லை.

ஆதிலா போனையே பார்த்தபடி கிடந்தாள். பிறகு பஸ்மிலாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். வெடித்த உதட்டை நாக்கால் நனைத்துக்கொண்டாள்.

"ஓம் உம்மா," என்றாள். "கவனமாப் புடிச்சிக்கிட்டு வாங்க. உழுந்துராதீங்க."

"சரி என்ட தங்கம்!" லைலாவின் குரலில் அப்படி ஒரு நிம்மதி. "பார்த்தீங்களா ராத்தா, புள்ள விளங்கிக்கிட்டா," என்றுவிட்டு வைத்தாள்.

ஆதிலா வயிற்றுக்குக் கீழே வைத்திருந்த கையை எடுத்துத் தாதியிடம் நீட்டினாள்.

"குத்துங்க மிஸ்ஸி," என்றாள். "உம்மா வரமாட்டா."