அரக்குக் கோழி விருந்து

மான்சொக்குக்கு அரித்தது. அரித்தது என்றதும் கொசுக்கடியை நினைத்துக்கொள்ளாதீர்கள். தோலைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு வேலைக்குப் போய்விடலாமா என்று யோசிக்க வைக்கிற அரிப்பு. அக்குள், தொடையிடுக்கு, உட்காருகிற இடம் என்று மறைவான இடங்களில் ஆரம்பித்து, இன்று காலை முகத்துக்கு ஏறிவிட்டது. கண்ணாடியில் பார்த்தால் கண் இருந்த இடத்தில் இரண்டு கோடுகள்தான் தெரிந்தன. உதடு தடித்துத் தொங்கியது. ஞாயிற்றுக்கிழமை அவனுக்குக் கல்யாணம்.

யார் மேலும் பழி போட வழியில்லை. தெரிந்தேதான் தின்றான்.

அவன் கட்டிக்கொள்ளப் போகும் ஹேரினின் ஊர் ஒக்சொன் மலைப்பக்கம். அங்கே அரக்கு மரத்தின் பட்டையைப் போட்டுக் கோழி வேகவைப்பார்கள். நம் சேராங்கொட்டைக்கு உறவுக்கார மரம் அது. பால் பட்டால் பலருக்குத் தோல் வெந்துபோகும். அதையே கொதிக்க வைத்துக் குடித்தால் எதுவும் செரிக்காத குளிர்ந்த வயிறு சூடாகும் என்று ஊரே சத்தியம் செய்யும். கடைகளில் கோழிச்சட்டி வருவதற்கு முன்பே ஆளுக்கொரு அலர்ஜி மாத்திரையைக் கையில் கொடுத்துவிடுவார்கள். ஆகாது என்று தெரிந்து, மாத்திரையையும் விழுங்கிவிட்டு, சப்புக்கொட்டித் தின்கிற ஜனங்களை என்னவென்று சொல்வது!

ஆனால் மான்சொக் தின்றது வயிற்றுக்காக இல்லை. முட்டையிடுகிற கோழியை மாமியார் அறுத்துப் போட்டால், மாப்பிள்ளையை வீட்டு மனிதனாக ஏற்றுக்கொண்டாள் என்று அங்கே அர்த்தம். அதற்காகத் தின்றான். அவன் அநாதை விடுதியில் வளர்ந்தவன். பெயர்கூட விடுதி மேலாளர் வைத்ததுதான். இப்போது தேஜோன் நகரத்தில் லிஃப்ட் பழுது பார்க்கிறான்.

ஹேரினின் அம்மா மல்சுன் அம்மாள் இந்தச் சம்பந்தத்துக்கு லேசில் சம்மதிக்கவில்லை. முதல் தடவை அவன் போனபோது மூஞ்சிக்கு நேராகவே கேட்டுவிட்டாள்.

"கல்யாண மேடையில ரெண்டு மெழுகுவர்த்தி வைப்பாங்க. ஒண்ணு பொண்ணோட அம்மா ஏத்தணும், இன்னொண்ணு மாப்பிள்ளையோட அம்மா ஏத்தணும். அந்தப் பக்கத்தை யாரு தம்பி ஏத்துவா? லிஃப்ட் கம்பெனி மேனேஜரா?"

அவள் சாராயம் ஊற்றி நீட்டினாள். குடித்தால் அழுதுவிடுவோமோ என்ற பயத்தில், "எனக்குக் குளிர்ந்த வயிறுங்க, ஒத்துக்காது" என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவைத்தான்.

அதற்குப் பிறகு எத்தனையோ கெஞ்சல், ஹேரினின் அழுகை, பேசாத மாதங்கள். கடைசியில் ஒருவழியாகச் சம்மதித்து, நாளும் குறித்து, போன வாரம் மல்சுன் அம்மாள் அவனை விருந்துக்குக் கூப்பிட்டாள். வாசலிலேயே அந்தக் கசந்த பட்டை வாசனை மூக்கில் ஏறியது. சின்ன வயதில் விடுதிப் பிள்ளைகளோடு மலைக்குப் போனபோது இந்த மரக்கிளையைப் பிடித்துவிட்டு, பன் மாதிரி வீங்கிய முகத்தோடு கிடந்தவன் அவன்.

"அரக்கு ஒத்துக்கும்தானே?" என்று மல்சுன் அம்மாள் கேட்டாள்.

"எனக்கா? ஒண்ணுமே பண்ணாதுங்க அத்தை."

எதற்கும் இருக்கட்டும் என்று வாங்கி வந்திருந்த அலர்ஜி மாத்திரையைக் கழிப்பறைக்குள் போய்ப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தான். அவள் கையில் முழங்கைவரை ரப்பர் கையுறை, வாயை மூடி முகமூடி. கோழிக்காலைப் பிய்த்து அவன் கிண்ணத்தில் போட்டுவிட்டு, தான் ஒரு வாய்கூடத் தொடாமல் ஜன்னல் ஓரமாய்த் தள்ளிப் போய் உட்கார்ந்துகொண்டாள். இன்னும் நம்மைப் பிடிக்கவில்லை என்று அவன் மனம் சுருங்கியது. ஆனாலும் இத்தனை வயதில் அவனுக்கென்று ஒரு கோழி உயிரை விட்டதில்லை. சாற்றைக்கூட மிச்சம் வைக்காமல் குடித்தான்.

இப்போது அனுபவிக்கிறான். வெந்நீரைப் பிடித்து மேலே விட்டுக்கொண்டால் சொர்க்கம். குழாயை மூடியதும் அரிப்பு பத்து மடங்காய்த் திரும்பி வந்தது. மாத்திரைக்கு மேல் மாத்திரை போட்டான். தூக்கம்தான் வந்தது, அரிப்பு போகவில்லை. கூட வேலை செய்பவனிடம் போனில் புலம்பினால், "கோழி ரத்தத்தைத் தடவுடா, ஓடிப்போயிரும்" என்றான். ஹேரின் போன் செய்தாள். சளி என்று சொல்லி வைத்துவிட்டான். எப்படிச் சொல்வது? விருந்து போட்டவளுக்கு அவமானம். தவிர, பொய் சொல்லித் தின்றவனுக்குப் பெண்ணைக் கொடுப்பாளா? வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு ஒரு சாக்கு கிடைத்தால் போதுமே. நகத்தைக் கடித்துத் துப்பிவிட்டு மொட்டை விரலால் சொரிந்தான். ரத்தம் வந்தது. அவனுக்குப் பைத்தியம் பிடித்துவிடும்போல இருந்தது.

கடைசியில் தொப்பியும் முகமூடியுமாகத் தோல் டாக்டரிடம் ஓடினான். வசந்தம் வந்தால் அரக்குத் தின்ற ஒக்சொன்காரர்கள் எல்லோரும் வந்து விழுகிற ஆஸ்பத்திரி அது. கூடத்தில் காலியாக இருந்த நாற்காலியில் உட்கார்ந்தான். பக்கத்தில் தலையில் துணி சுற்றிய ஒரு அம்மாள் தன் முழங்கையைச் சட்டைக்கு மேலேயே தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"மான்சொக்!" என்று நர்ஸ் கூப்பிட்டாள். அவன் எழுந்திருப்பதற்குள், "லிஃப்ட் வேலை மான்சொக் யாருங்க?" என்று மறுபடி கத்தினாள்.

பக்கத்து அம்மாள் திரும்பினாள். துணிக்குள் இருந்த முகத்திலும் கண்கள் கோடாகத்தான் இருந்தன. மல்சுன் அம்மாள்.

"நீங்களா?" என்றாள். அவன் முகமூடியை இழுத்துக் கீழே இறக்கிப் பார்த்தாள். "அட கடவுளே."

இரண்டு பேரும் ஒன்றாகவே உள்ளே போனார்கள். டாக்டரம்மாவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

"மாத்திரை போட்டுட்டுத்தான் சாப்பிட்டேன் டாக்டர்" என்றான் மான்சொக்.

"அந்த மாத்திரை அரிப்பைக் கொஞ்சம் மட்டுப்படுத்தும், அவ்வளவுதான். இது உடம்பு ஒருநாள் ரெண்டுநாள் யோசிச்சு, ஆள் சேர்த்துக்கிட்டு வந்து அடிக்கிற அலர்ஜி. இதைத் தடுக்க அந்த மாத்திரைக்குத் தெம்பு இல்ல. வெந்நீர் ஊத்தினீங்களா?"

அவன் கழுத்தைச் சொரிந்தான்.

"ஊத்தியிருப்பீங்க. முதல்ல சொரியறதை நிறுத்துங்க! இனிமே பச்சைத் தண்ணியில நனைச்ச துணி. ஸ்டீராய்டு மாத்திரை தர்றேன், கொஞ்சம் கொஞ்சமாக் குறைக்கணும். நல்லாயிருச்சுன்னு பாதியில நிறுத்தினா திரும்ப வரும். மூச்சு முட்டினா உடனே ஓடி வாங்க. தின்னு தின்னு பழகிடும்னு எவனாவது சொன்னா நம்பாதீங்க, அடுத்த தடவை இதைவிட மோசமா வரும். எங்க சாப்பிட்டீங்க?"

"கடையில" என்றான் மான்சொக்.

"என் கையால" என்றாள் மல்சுன் அம்மாள். "நான்தான் வேகவச்சுப் போட்டேன்."

"உங்களுக்கு எப்படி வந்துச்சு?"

"எனக்கு ஆவி பட்டாலே ஆகாது. வருஷக்கணக்கா அந்தப் பக்கமே போனதில்ல."

"தெரிஞ்சே ஏம்மா செஞ்சீங்க?"

"குளிர்ந்த வயிறுன்னு சொன்னாரே" என்றாள். "சாப்பாடு சேராம, சொல்ல ஆள் இல்லாம எத்தனை வருஷம் கஷ்டப்பட்டாரோன்னு இருந்துச்சு."

மான்சொக் மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு அவளோடு லிஃப்ட் பக்கம் வந்தான். அங்கே அவனால் அடக்க முடியவில்லை.

"எனக்குக் குளிர்ந்த வயிறும் இல்ல ஒண்ணும் இல்ல, அத்தை. அன்னிக்கு பயத்துல பொய் சொன்னேன். அரக்கு ஒத்துக்கும்னதும் பொய். நீங்க போட்ட கோழியை வேணாம்னு சொல்ல எனக்கு மனசு வரல. நிறுத்தணும்னா கல்யாணத்தை நிறுத்திடுங்க. ஹேரின்கிட்ட நானே சொல்லிடறேன்."

சொல்லிக்கொண்டே கழுத்தைப் பறண்டினான். அவள் அந்தக் கையில் பட்டென்று ஒன்று வைத்தாள்.

"சொரியக் கூடாதுன்னு இப்பத்தானே அந்தம்மா கத்தினா!"

இரண்டு பேரும் ஏறினார்கள், லிஃப்ட் கதவு மூடியது. உள்ளே சுவர் முழுக்கக் கண்ணாடி. அதில் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். அதே தடித்த உதடு, அதே கோட்டுக் கண், கன்னத்தில் அதே சிவப்பு. மல்சுன் அம்மாள் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். லிஃப்ட் கீழே வந்து கதவு திறந்தும் அவள் வெளியே போகவில்லை.

"ஞாயித்துக்கிழமைக்குள்ள இது முழுசா வத்தாது, இல்ல?"

"வத்தாது, அத்தை."

"வத்த வேணாம். அந்த ரெண்டு மெழுகுவர்த்தியையும் நானே ஏத்துறேன். பொண்ணு பக்கம் ஒண்ணு, அப்புறம் நடந்துபோய் உங்க பக்கம் ஒண்ணு." கண்ணாடியைக் கையால் காட்டினாள். "இந்த மூஞ்சியைப் பாத்துட்டு, இவ இவனைப் பெத்தவ இல்லன்னு எவன் சொல்லுவான்?"

மான்சொக் அழுதான். விடுதியில் வளர்ந்த நாளெல்லாம் அடக்கி வைத்திருந்தது அத்தனையும் சேர்ந்து வந்தது. வெடித்துக் கிடந்த கன்னத்தில் கண்ணீர் பட்டு நெருப்பாய் எரிந்தது. அவள் தலையில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்து, தேய்க்காமல், மெதுவாக ஒற்றி எடுத்தாள்.

"அழாதீங்க. உப்புத் தண்ணி, எரியும்" என்றாள். அவள் கன்னமும் எரிந்துகொண்டுதான் இருந்தது.