விரலுக்குச் சொன்னது

கண்காட்சி திறப்பதற்கு முந்தைய நாள் முற்பகலில், மைக்ரோவேவ் அடுப்பைக் கண்காட்சிக்குத் தந்திருந்த அம்மாள் அருங்காட்சியகத்துக்குத் தொலைபேசியில் அழைத்தார். முன்னாளில் தொலைபேசி இணைப்பகத்தில் பணியாற்றியவர். பார்வை மங்கி ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன.

"அந்தச் செவப்புப் பொட்டு மூணையும் வர்றவங்க தொட்டுப் பாக்கலாமாம்மா? இல்ல, கண்ணாடிப் பெட்டிக்குள்ள வெச்சுப் பூட்டிருவீங்களா?"

காப்பாட்சியர் கையிலிருந்த பேனாவை மூடி வைத்தார். "எந்தப் பொட்டும்மா?"

"நல்லாக் கேட்டீங்க போங்க! அதுக்குத்தானே குடுத்தேன். நானும் எங்க வீட்டுக்காரரும் பதினோரு வருஷம் பேசிக்கல. எதுக்குச் சண்டைன்னுகூட மறந்துபோச்சு. சோறு வெச்சா சாப்பிடுவார், அவ்வளவுதான். கண்ணு போனப்புறம் அந்த அடுப்புல எந்தப் பொத்தான் எங்க இருக்குன்னு தெரியாம ஆறின பாலையே குடிச்சிட்டிருந்தேன். ஒருநாள் காலையில தடவுறேன், மூணு எடத்துல நகப்பூச்சு கெட்டியா, மேடு மேடா நிக்குது. அவரும் சொல்லல, நானும் கேக்கல. போன வருஷம் போயிட்டார். இப்ப அடுப்பும் செத்துப்போச்சு. மருமக எடைக்குப் போடறேங்கறா, அதான் உங்ககிட்ட குடுத்தேன். சாயங்காலம் அவளோட வர்றேன்."

மனிதரும் பொருள்களும் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளும் விதமே அந்தக் கண்காட்சியின் கரு. கொதித்தவுடன் கூவும் கெட்டில், சாவியை மறந்தால் முனகும் பூட்டு, இழுக்க வேண்டிய கதவைத் தள்ளச் சொல்லும் கைப்பிடி என்று நாற்பத்திரண்டு பொருள்களை ஒன்றரை ஆண்டுகளாகத் தேடித் தொகுத்திருந்தார் காப்பாட்சியர். தொடுதிரை முகப்புள்ள இந்த அடுப்பு, பேச மறுக்கும் பொருளுக்கு எடுத்துக்காட்டு. படிவத்தில் 'ஏன் தருகிறீர்கள்?' என்ற கேள்விக்கு எதிரே, 'இது என்னோடு பேசும்' என்று மருமகளின் கையெழுத்தில் இருந்தது. அடுப்பு எழுப்பும் 'பீப்' ஒலியைத்தான் சொல்கிறார்கள் என்று அவர் எண்ணிக்கொண்டார். பிறகு, தமது வழக்கமான திருத்தமான எழுத்தில், நிலை அறிக்கையில் குறித்தார்: 'முகப்பில் மூன்று சிவப்புக் கறைகள். நீக்குக.'

தொலைபேசியை வைத்துவிட்டு அவர் பணிமனைக்கு விரைந்தபோது, காட்சிப் பொருள்களைத் துப்புரவு செய்யும் வேதியியலர் அடுப்பைக் கடைசி முறையாகத் துடைத்துக்கொண்டிருந்தார். கறுத்த முகப்பு குளத்து நீர்போல் மின்னியது.

விஷயத்தைக் கேட்டதும் வேதியியலருக்கு முகம் வெளுத்தது. ஆனாலும் ஆள் சமயோசிதமானவர். "வந்தன்னிக்கு எடுத்த போட்டோ இருக்கு மேடம். ஒரு பாட்டில் நகப்பூச்சு வாங்கினா மில்லிமீட்டர் பிசகாம வெச்சிடலாம். அந்தம்மாவுக்கா தெரியப்போவுது?"

அரை மணி நேரத்தில் புட்டி வந்தது. நிழற்படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு காப்பாட்சியர் தாமே தூரிகையை எடுத்தார். நிழற்படத்தில் முதல் புள்ளி வட்டமாக இல்லை. வால் போல ஒரு பக்கம் இழுபட்டிருந்தது. அந்த வாலைத் தம்மாலும் வரைந்துவிட முடியும் என்று தெரிந்த கணத்தில் அவருக்குத் தம்மீதே அருவருப்பு ஏற்பட்டது. தூரிகையைப் புட்டிக்குள் செருகி இறுக மூடினார்.

நான்கு மணிக்கு அம்மாள் மருமகளின் தோளைப் பற்றியபடி வந்து சேர்ந்தார். நாற்காலியில் அமரும்வரை காப்பாட்சியர் பொறுத்திருந்தார்.

"அம்மா, அந்தப் பொட்டு இப்ப இல்ல. அழுக்குன்னு நெனச்சு எடுக்கச் சொன்னது நான்தான்."

மருமகள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அம்மாள் அவள் கையை அழுத்தினார்.

"எடுக்க எவ்வளவு நேரம் ஆச்சு?"

"பத்து நிமிஷம் இருக்கும்மா," என்றார் வேதியியலர், தரையைப் பார்த்தபடி.

"அவருக்கு அரை நாளாவது ஆயிருக்கும். கை நடுங்கும் அந்த மனுஷனுக்கு." அம்மாள் காப்பாட்சியரின் குரல் வந்த பக்கம் திரும்பினார். "இவ்வளவு படிச்சவங்க, ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கக் கூடாதா?"

"கேட்டிருக்கணும்மா."

"பக்கத்துல என்னமோ எழுதி வெப்பீங்களாமே. அதையாவது படிங்க."

அச்சாகி வந்திருந்த அட்டையைக் காப்பாட்சியர் எடுத்தார். அவருடைய குரல் அவருக்கே அந்நியமாக ஒலித்தது. "விரலுக்கு எதுவும் சொல்லாத முகப்பு."

அம்மாள் ஒரு கணம் திகைத்தார். பிறகு தோள் குலுங்கச் சிரித்தார். "அடப்பாவமே, அது அவரப் பத்தி எழுதின மாதிரியில்ல இருக்கு!" சிரிப்பு நின்ற பிறகும் தோள் குலுங்குவது நிற்கவில்லை.

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கையை நீட்டினார். காப்பாட்சியர் அதைப் பிடித்து அடுப்பின் விளிம்பில் வைத்தார். அதற்குமேல் வழிகாட்டத் தேவையிருக்கவில்லை. விரல் வழுவழுப்பான முகப்பின்மீது ஒருமுறை மேலும் கீழுமாக அலைந்தது. பின், தன் வீட்டுப் படிகளில் இறங்குவதுபோல ஓரிடத்தில் ஊன்றி நின்றது. சற்றுக் கீழே இன்னோரிடம். வலக்கோடியில் மூன்றாவது. ஒவ்வொன்றிலும், அடுப்பு எழுந்து பதில் சொல்லும் என்பதுபோல, அம்மாள் விரலை எடுக்காமல் காத்திருந்தார்.

அவர்கள் போன பிறகு காப்பாட்சியர் அட்டையை இரண்டாகக் கிழித்தார். வேதியியலர் பழக்க தோஷத்தில் துணியை எடுத்துக்கொண்டு முகப்பின்மேல் குனிந்தார். காப்பாட்சியர் அவர் மணிக்கட்டைப் பற்றினார்.

ஜன்னல் வெயில் சாய்வாக விழுந்த அந்தக் கறுப்பில், ஈரம் இன்னும் உலராத ரேகைகளுடன், மூன்று விரற்பதிவுகள் மங்கலாகத் தெரிந்தன.