ஸைனுலாப்தீனின் கடைசி ஸலாம்

கிண்ணியாவில் எங்கள் மீனவர் சங்கத் தலைவர் ஸைனுலாப்தீன் நாலு வருடமாக ஒரே கூட்டத்தில் பேசிக்கொண்டிருக்கிறார். போன செவ்வாய் ளுஹர் தொழுகைக்குப் பிறகு அவருக்கு நாடி இல்லை. பேச்சு நிற்கவில்லை.

பேசுகிறவர் கடைசி ஸலாம் சொல்லி முடிக்காமல் எங்கள் ஊரில் ஒருத்தரும் கதிரையை விட்டு எழும்பிப் போவதில்லை. இறங்குதுறைத் திறப்புவிழாவிலும் அப்படித்தான் இருந்தோம். தலைவர் முதல் தடவை "இறுதியாக" என்றபோது நஸ்ரி என்ற பொடியன் கரையால் ஓடிவந்தான்: முனீபின் வள்ளம் கவிழ்ந்துவிட்டது, ஆள் பலகையைப் பிடித்துக்கொண்டு கிடக்கிறார். முனீபின் மனைவி உம்மு குல்சும் எழும்பி, "தலைவர் காக்கா, வள்ளங்களை விடச் சொல்லுங்க" என்று கெஞ்சினாள். தலைவர் கையைக் காட்டினார். "இருங்க தங்கச்சி, முடிக்கப் போறன்." பிறகு பதினொரு தரம் "இறுதியாக" என்றார். நாற்பது வள்ளம் துறையில் கட்டிக் கிடந்தது. நானும்தான் இருந்தனான், வெட்கங்கெட்டவன். ஒன்றரை மணித்தியாலம் கழித்து ஸலாம் சொன்னார். நாங்கள் போய்ப் பார்க்க, பலகை மட்டும் மிதந்தது.

நாற்பதாம் நாள் அதே துறையில் அனுதாபக் கூட்டம். முனீபைப் போல நல்ல மனிசன் இல்லை என்று தலைவர் உருகி உருகிப் பேசினார். முடிவில் அவர் வாயிலிருந்து ஸலாம் வெளியே வந்தது. புளியங்கொட்டை அளவு இருக்கும், எல்லாரும் பார்த்தோம். முன்வரிசையில் இருந்த குல்சும் அதை முந்தானையில் ஏந்தி முடிச்சுப் போட்டாள். தலைவர் வாயைத் திறந்தார். "இறுதியாக" என்றுதான் வந்தது.

மூன்று நாள் நாங்கள் எழும்பாமல் பசியோடு இருந்தபின், தெருத் தெருவாக முறை வைத்து வந்து கேட்பதென்று பள்ளிவாசல் நிர்வாகிகள் முடிவெடுத்தார்கள். வசனத்துக்கு வசனம் நடுவில் அவருக்குக் கஞ்சி ஊற்றினார்கள். மழைக்குத் தகரக் கொட்டில் போட்டார்கள். மகள் றுஷ்தாவின் நிக்காஹ்வுக்கும் அவருக்குப் போக ஏலவில்லை. குல்சும் மட்டும் முறை பார்க்காமல் தினமும் அஸர் தொழுகை நேரத்துக்கு வந்து, முன்கதிரையில் இருந்து, முடிச்சைத் தடவிப் பார்த்துவிட்டுப் போவாள். அவளுக்கு அதில் நல்ல சந்தோசம், மறைத்ததும் இல்லை.

நேற்று றுஷ்தா அவள் காலடியில் வந்து இருந்தாள். "மாமி, முடிச்சை அவிழுங்க. பேசிக்கொண்டிருக்கிற மையித்தைக் குளிப்பாட்ட ஏலாதாம். வாப்பாவை அடக்கவேணும்."

குல்சும் அவள் தலையைத் தடவிக்கொடுத்தாள்.

"என்ட மனிசனுக்கும் இன்னும் கபுறுக்குழி இல்ல, மகள். முதல்ல அவர் கரைக்கு வரட்டும்."

தலைவர் "இறுதியாக" என்றார். நாளைக்கு எங்கள் தெருவின் முறை.