கண் வைக்காத பறவை

...கண்ணை மட்டும் கடைசியில் வைத்துக்கொள்ளலாம் என்றுதான் முப்பிடாதி ஊசியைக் கீழே வைத்தாள், இல்லை, பொய், மத்தியானத்திலிருந்து இதையே சொல்லிச் சாக்குப்போக்குக் காட்டுகிறாள், கேடயம் ஆயிற்று, மேலே சிலுவை ஆயிற்று, கீழே மூன்று குஞ்சுகளும் வாயைப் பிளந்தாயிற்று, நடுவில் அந்தத் தாய்ப்பறவை, அலகில் ரத்தம்... சிவப்பு நூல்தானே, ரத்தம் என்று ஏன் தோன்ற வேண்டும்? நாளைக் காலை யூனிபாரத்தில் இந்தச் சின்னம் இல்லாவிட்டால் மகள் பேச்சியை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்களாம். தாராவிப் பிள்ளைக்கு மாட்டுங்கா கன்னியாஸ்திரீகள் பள்ளியில் இடம் கிடைப்பது லேசா? பக்கத்து வீட்டு ஏஞ்சலம்மாள் யார் யார் காலிலோ விழுந்து வாங்கித் தந்தது. தன் மகளுடைய சட்டையையும் பார்த்துத் தைக்கக் கொடுத்திருக்கிறாள். "பிள்ளையத் தின்னுத மாதிரில்லா இருக்கு, வாயில பிள்ளையக் கவ்விட்டு நிக்க நம்ம இசக்கியம்ம கணக்கா" என்று இவள் கேட்டதும் ஏஞ்சலம்மாள் பதறிச் சிலுவை போட்டுக்கொண்டாள். "அப்படிச் சொல்லாதீய யக்கா! குஞ்சுவ சாவக்கூடாதுன்னு அது தன் நெஞ்சையே கொத்தி ரத்தம் குடுக்கு. அது யேசுசாமில்லா."

சாமி என்றால் கண் வைப்பது சும்மா காரியமா... ஊரில் இசக்கியம்மைக்கு மண்ணில் உருவம் செய்தால் கண்ணைக் கடைசியில்தான் திறப்பார்கள், முதல் பார்வைக்கு எதிரே ஆள் நிற்கக் கூடாது, கண்ணாடியைத்தான் காட்டுவார்கள், சீனாக்காரன் சண்டை நடந்த வருஷம் புருஷன் செத்துப்போனான், அதிலிருந்து தன் தட்டில் பாதியை ஒதுக்கி ஒதுக்கி வளர்த்த ஒற்றைப் பிள்ளை, அவள் மேலா அந்தப் பார்வை விழ வேண்டும்? பேச்சி குழாயடியில் விளையாடுகிறாள், வருவதற்குள் முடித்துவிட வேண்டும். கறுப்பு நூல், இரண்டு குத்து, ஒரு முடிச்சு. முகத்தைத் திருப்பிக்கொண்டு, துணியை நெஞ்சோடு விரித்துப் பிடித்துக்கொண்டு சுவர்க் கண்ணாடி முன் போய் நின்றாள்.

கொஞ்சம் பொறுத்து ஓரக்கண்ணால் கண்ணாடிக்குள் பார்த்தாள், பறவை கண்ணாடியைப் பார்க்கவேயில்லை. குனிந்து குஞ்சுகளைத்தான் பார்த்தது... குஞ்சுகளின் வாயிலும் சிவப்பு, அவள் கையால் வைத்த நூல்தான், இப்போதல்லவா கண்ணில் படுகிறது! இவ்வளவு குடித்தும் ஒன்றாவது வாயை மூடியிருக்கிறதா, மூன்றும் இன்னும் கேட்கின்றன, அந்த ரத்தம் வடிகிற இடம் சரியாகத் தன் மாரில்... இத்தனை நேரம் தாயைப் பார்த்தா பயந்தோம்? பின்னால் காலடிச் சத்தம். "எம்மா, பசிக்கு" என்றாள் பேச்சி. எப்போதும் அந்தச் சொல் முடியும் முன்பே தட்டை எடுத்து வைப்பவள், இன்றைக்குத் திரும்பக்கூட இல்லை, கண்ணாடிக்குள் வந்து நின்ற மகளின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.