எட்டுக் கட்டில் அறை

யாசீனுக்கும் மாஹிராவுக்கும் கல்யாணமாகி இரண்டு வருடங்கள். இரும்புலியூரில் அவன் பெற்றோருடன் இருந்தார்கள். படுக்கையறை ஒன்றுதான், பலகை அடித்து இரண்டாக்கியிருந்தார்கள். அந்தப் பக்கம் அவன் அத்தா புரண்டு படுத்தால் இந்தப் பக்கம் கேட்கும். அதனால் இருவரும் கிசுகிசுத்தே குடும்பம் நடத்தினார்கள்.

யாசீன் திருமுடிவாக்கத்தில் ஒரு லேத் பட்டறையில் சூப்பர்வைசர். விமான டிக்கெட் மலிவாகக் கிடைத்ததும் வியட்நாமின் ஹனோய்க்கு ஐந்து நாள் பயணம் போட்டான். தனி அறை கட்டுப்படியாகவில்லை. பயணிகள் தங்கும் ஹாஸ்டலில், எட்டுக் கட்டில் உள்ள அறையில், இரண்டு கட்டில் எடுத்தான்.

"ஹாஸ்டல்ல புருஷன் பொண்டாட்டிய ஒண்ணா வுடுவாங்களாடா?" என்றார் அம்மா.

விட்டார்கள். மாஹிராவுக்குக் கீழ்க் கட்டில், அவனுக்கு மேல் கட்டில். மற்றவற்றில் இரண்டு கொரியப் பெண்கள், ஒரு ஜெர்மன்காரர், எப்போதும் தூங்கும் மூன்று பேர்.

முதல் நாள் காலை மாஹிரா எழுந்து நின்று மேல் கட்டிலைப் பார்த்துக் கிசுகிசுத்தாள்.

"மச்சான், சோப்பு எங்க?"

"என்ன?"

"சோப்பு."

"கேக்கல."

"சோப்பு!" என்று கத்தினாள். யாரும் திரும்பவில்லை. அறையை ஒருமுறை சுற்றிப் பார்த்தாள்.

"இங்க யாருக்கும் தமிழ் தெரியாதுல்ல?"

"தெரியாது."

"அப்போ ஒண்ணு சொல்லணும்."

ஒன்றோடு நிற்கவில்லை. அவள் வைக்கும் குழம்பில் மாமியார் ரகசியமாக உப்புப் போடுவது, தன் பம்மல் பள்ளிக்கூட வேலையை யாருக்காக விட்டோம் என்று இன்னும் புரியாதது, அவன் தினமும் எட்டு மணிக்கு வருவது. அவளுக்கு இவ்வளவு பெரிய குரல் இருப்பது யாசீனுக்கு அன்றுதான் தெரிந்தது.

"பட்டறை ஆறு மணிக்கே மூடிடும். முடிச்சூர் ரோடு டீக்கடைல ஒக்காந்திருப்பேன். வூட்ல ஒக்கார எங்க எடம் இருக்கு?"

"ரெண்டு வருஷமாவா?"

"ஒன்றரை. மொத ஆறு மாசம் நேரா வந்துட்டேன்."

மாஹிரா அழுதாள். ஒரு கொரியப் பெண் டிஷ்யூ பாக்கெட்டை நீட்டினாள். ஜெர்மன்காரர் காதிலிருந்து இயர்போனை எடுத்துவிட்டு, எல்லாம் சரிதானா என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"ஃபேமிலி டிஸ்கஷன்," என்றாள் மாஹிரா.

அவர் தலையசைத்து இயர்போனைத் திரும்ப மாட்டிக்கொண்டார்.

மறுநாள் படகுச் சுற்றுலாவுக்குப் பணம் கட்டியிருந்தார்கள். பேச்சு முடியாததால் போகவில்லை. ஊர் நடுவிலிருந்த ஏரியைச் சுற்றிச் சுற்றி நடந்து பேசினார்கள். நான்காவது சுற்றில் மாஹிரா சிரித்தாள். ஆறாவது சுற்றில் தனிக்குடித்தனம் முடிவாயிற்று.

ஊர் திரும்பி, சாப்பிடும்போது யாசீன் சொன்னான். அம்மா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"அவ்ளோ தூரம் போய் இதத்தான் முடிவு பண்ணீங்களா?"

"இங்க பேச முடியலம்மா."

அத்தாதான், "பக்கத்துலயே பாருங்க," என்றார்.

இரண்டு தெரு தள்ளி ஒரு மாடி வீடு கிடைத்தது. கீழே குடியிருந்த வீட்டுக்காரர் சாம்பசிவனுக்கு ஒரே நிபந்தனை. "சத்தமில்லாத ஃபேமிலியா இருக்கணும்."

யாசீன் தலையாட்டுவதற்குள் மாஹிரா சொன்னாள்: "நாங்க கொஞ்சம் சத்தமா பேசுவோம் சார்."

சாம்பசிவன் யோசித்தார். "எந்த நேரத்துல?"

"சாயங்காலம், ஆறரைக்கு மேல."

"அப்போ நான் வாக்கிங் போயிடுவேன்," என்று சாவியைக் கொடுத்தார்.